நோட்டு முதலில், எஞ்சின் பிறகு: பெஸ்தாரி ஜெயாவில் ஒரு சதுரங்கச் சிறுவன் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஊரின் பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலாக, 1917-இல், செம்பனை நட்ட தெனமாரம் தோட்டம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயன் வீடுகளிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, பல குடும்பங்கள் டவுன் ஓரத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) மாறின. தோட்டத்திலேயே இருப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் சதுரங்க வகுப்புக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

வகுப்பு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கோயில் மண்டபத்தில் நடக்கும். பதினான்கு பிள்ளைகள், ஒன்பது பலகைகள், யாரோ கொடுத்த இரண்டு பழைய மடிக்கணினிகள். நடத்துபவர்கள் இருவர்: தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கும் நான், தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற 74 வயதுப் பெரியவர் ஒருவர். பிள்ளைகளுக்கு அவர் ‘கிராணி தாத்தா’.

இந்த ஆய்வு ஐந்தாம் ஆண்டு படித்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றியது. அப்பா ஆலைக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பள்ளி முடிந்து வந்தால் லயன் வீட்டில் அவனும் பாட்டியும்தான். அவன் பெற்றோர் இதைப் படித்துச் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

வகுப்பில் சேர்ந்த முதல் மாதமே அவனுடைய அப்பாவின் பழைய ஹேண்ட்போனில் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் (சதுரங்கம் ஆடும் கணினி நிரல்) உள்ள ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தேன். காரணம் எளிது. ஸ்டாக்ஃபிஷ் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, இணையம் இல்லாமலே ஓடும். லயன் பக்கம் லைன் சரியாகக் கிடைக்காது. பயிற்சியாளரைத் தேடிக் கோலாலம்பூருக்குப் போக வசதியில்லாத பிள்ளைக்கு உலகத்திலேயே பலமான ஆட்டக்காரன் சட்டைப் பைக்குள் கிடைக்கிறானே என்று மகிழ்ந்தேன். “சந்தேகம் வந்தால் எஞ்சினைக் கேள்” என்று சொல்லி அனுப்பினேன். எப்போது கேட்க வேண்டும், எப்போது கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. இந்த நிகழ்வின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கவனித்தவை

முதல் மூன்று மாதங்களில் அவன் வேகமாக முன்னேறுவதாகத்தான் தெரிந்தது. தொடக்க ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளைத் தடங்கலின்றி வைப்பான். மற்ற பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

கிராணியார்தான் முதலில் சந்தேகப்பட்டார். ஒரு நாள் அவனோடு ஆடும்போது, ஐந்தாவது நகர்வில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சாதாரண சிப்பாய் நகர்வை வைத்தார். பையன் உறைந்துபோனான். “ஏய்யா, உன் மந்திரிய அங்க ஏன் வெச்ச?” என்று கேட்டார். “அங்கதான் தாத்தா வைக்கணும்” என்றான். “ஏன்?” பதில் இல்லை. குனிந்து ஹேண்ட்போனைத்தான் பார்த்தான்.

அதன் பிறகு நானும் உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினேன். ஆட்டம் முடிந்ததும் அதை ஹேண்ட்போனில் ஏற்றி, வலப்பக்க அம்புக்குறியை விரலால் தட்டிக்கொண்டே போவான். நாற்பது நகர்வு ஆட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவன் கண் பலகைப் படத்தில் இல்லை, யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்ட ஓரத்தில் ஏறி இறங்கும் பட்டையில் இருந்தது. பட்டை சரிந்தால் “அய்யோ” என்பான், தட்டிக்கொண்டு போய்விடுவான். தன் நகர்வில் என்ன பிசகு என்று ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை.

இரண்டாவது, பலம் குறைத்த எஞ்சினோடு தினமும் ஆடி, அது எப்படித் தோற்கும் என்பதைக் கற்றுக்கொண்டிருந்தான். “காத்துக்கிட்டே இருந்தா அதுவா ராணியக் குடுத்திடும் ஐயா” என்றான். அவன் சொன்னது உண்மை. எஞ்சினின் பலத்தைக் குறைக்கும்போது, அது தேடும் ஆழத்தைக் குறைக்கிறார்கள், நடுநடுவே சிறந்ததல்லாத நகர்வைத் தேர்ந்தெடுக்கவும் வைக்கிறார்கள். ஆகவே பத்து நகர்வு பெரிய ஆட்டக்காரனைப் போல ஆடிவிட்டு, பதினொன்றாவதில் காரணமே இல்லாமல் ஒரு காயைத் தூக்கிக் கொடுக்கும். பதினொரு வயதுப் பிள்ளையின் தவறு அப்படி வராது. ஆசையில் வரும், பயத்தில் வரும், ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டு மறுபக்கத்தை மறப்பதில் வரும். அந்தத் தவறுகளைத் தண்டிக்க இவன் பழகவே இல்லை.

மூன்றாவது, மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டியில் நடந்தது. கடைசிச் சுற்றில் வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தைச் சமன் செய்துவிட்டு வந்தான். நிலை இதுதான்: அவனுடைய வெள்ளை ராஜா எஃப்3 கட்டத்தில், ஒரே ஒரு சிப்பாய் இ2-இல். எதிராளியிடம் கறுப்பு ராஜா மட்டும், இ6-இல். நகர்வு இவனுடையது. ராஜாவை இ4-க்குக் கொண்டுபோனால் வெற்றி உறுதி. ராஜா முன்னே போய் வழி திறந்துகொடுக்க, சிப்பாய் பின்னால் வரும். இவன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி இ4-இல் வைத்தான். கறுப்பு ராஜா இ5-க்கு வந்து வழியை மறித்தது. அதற்குமேல் வெல்ல வழியில்லை.

மண்டபத்துக்கு வந்ததும் அந்த நிலையை எஞ்சினில் வைத்துக் காட்டினான். சிப்பாயைத் தள்ளியதும், யார் எவ்வளவு மேலே என்று எஞ்சின் காட்டும் எண் 0.00 ஆனது. “ஏன் சமன்?” என்று கேட்டேன். “ஸீரோ ஸீரோன்னு போட்டிருக்கே ஐயா” என்றான். இ2-இலிருந்து இ4 என்பது அவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் வைக்கும் முதல் நகர்வு. விரல் பழக்கத்தில் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதே காலத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வகுப்பிலிருந்து நின்றுவிட்டாள். நன்றாக யோசிப்பவள், மெதுவாக ஆடுபவள். அவள் ஆட்டங்களையும் நான் எஞ்சினில் ஓட்டிக் காட்டுவேன். நகர்வுக்கு நகர்வு, தவறு என்று காட்டும் சிவப்புக் கேள்விக்குறிகள் வரும். “எனக்கு மூளை இல்லையாம்மா, கம்ப்யூட்டர் சொல்லுது” என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா அதை என்னிடம் சொன்னபோது மூன்று வாரம் கடந்திருந்தது.

கணக்கு மூடப்பட்ட நாள்

போட்டி முடிந்து ஒரு மாதத்தில் பையன் அழுதுகொண்டு வந்தான். மற்றவர்களோடு ஆடும் ஓர் இணையத் தளத்தில் அவனுடைய கணக்கை மூடிவிட்டார்கள். காரணம், கணினி உதவியோடு ஆடியது. விசாரித்ததில், அம்மாவின் ஹேண்ட்போனில் ஆட்டமும் அப்பாவின் ஹேண்ட்போனில் எஞ்சினும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறான். ஒளித்துச் செய்யவில்லை. பாட்டி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

“சந்தேகம் வந்தா எஞ்சினக் கேளுன்னு நீங்கதானே சொன்னீங்க ஐயா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஏமாற்றும் எண்ணம் அவனிடம் இருந்ததாக நான் நம்பவில்லை. அவனுக்கு யோசிப்பதும் கேட்பதும் ஒரே செயலாகிவிட்டிருந்தன. அவன் அப்பா லோரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு மண்டபத்துக்கு வந்தார். “ஹேண்ட்போன்ல பாடம் படிக்கிறான்னுதான் சார் நெனச்சேன்” என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தளத்தின் முடிவு சரி என்பதையும் பையனுக்கு எதிரிலேயே சொன்னேன். எதிர்ப்பக்கம் இருந்த பிள்ளை தன்னோடு ஒரு மனிதன் ஆடுகிறான் என்று நம்பித்தானே உட்கார்ந்திருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எஞ்சினையே எடுத்துவிடலாமா என்று கிராணியாரும் நானும் இரண்டு சனிக்கிழமை பேசினோம். அவர் முதலில் அந்தப் பக்கம்தான் நின்றார். 1997 மே மாதம் நியூயார்க்கில் டீப் புளூ என்ற கணினி உலகச் சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்ற செய்தியைப் பேப்பரில் படித்தபோதே தனக்கு மனம் விட்டுப்போனது என்றார். என் எண்ணம் வேறு. நகரத்துப் பிள்ளைக்குப் பயிற்சியாளரும் உண்டு, எஞ்சினும் உண்டு. எங்கள் பிள்ளையிடமிருந்து எஞ்சினையும் பிடுங்கினால் என்ன மிச்சம்? வைத்துக்கொள்வது, ஆனால் வரிசையை மாற்றுவது என்று முடிவானது.

முதல் மாற்றம் நோட்டுப் புத்தகம். ஆட்டம் முடிந்ததும் எஞ்சினைத் திறக்கக் கூடாது. எதிராளியோடு உட்கார்ந்து பலகையில் ஆட்டத்தைத் திரும்ப வைத்து, மனம் குழம்பிய மூன்று இடங்களைக் குறித்து, “நான் என்ன நினைத்தேன், அவன் என்ன செய்வான் என்று பயந்தேன், வேறு எதை வைத்திருக்கலாம்” என்று தமிழில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் எஞ்சின். அதிலும் அந்த மூன்று இடங்களை மட்டும் பார்க்கலாம், கூடவே எண் இரண்டு சிப்பாய் அளவுக்கு மேல் தாவிய இடம் ஏதாவது இருந்தால் அதையும். எஞ்சின் நகர்வைத் தரும், காரணத்தைத் தராது. பிள்ளை தன் காரணத்தை முன்பே எழுதிவைத்திருந்தால், எஞ்சினின் நகர்வு அந்தக் காரணத்தை உடைக்கும் அல்லது உறுதிப்படுத்தும். ஒன்றுமே எழுதாதவனுக்கு அது வெறும் எண்தான்.

எழுதத் தொடங்கியதும் நாங்கள் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. பள்ளிப் போட்டிகளில் மலாய்ப் பெயர்கள் புழங்குகின்றன. மலாயில் மெந்தெரி என்றால் ராணி, தமிழில் மந்திரி என்பது குறுக்காகப் போகும் காய். மலாயில் காஜா, அதாவது யானை, அந்தக் குறுக்குக் காய். தமிழிலோ யானை என்று பலர் சொல்வது மூலையில் நிற்கும் காயை. பிள்ளைகள் எழுதியதைப் படித்தால் ராணி எங்கே போனாள், யானை எங்கே நின்றது என்று எங்களுக்கே புரியவில்லை. கடைசியில் ராணி, மந்திரி, குதிரை, கோட்டை, சிப்பாய் என்று எங்களுக்குள் ஒன்றை நிலைப்படுத்தி, மலாய்ப் பெயர்களை எதிரே எழுதிச் சுவரில் ஒட்டினோம். சிறு விஷயம்தான், ஆனால் அதற்குப் பிறகே நோட்டுகள் தெளிவாயின.

இரண்டாவது, எண்ணின் பொருளைச் சொல்லிக் கொடுத்தோம். 1.00 என்றால் ஏறத்தாழ ஒரு சிப்பாய் அளவு மேலே. எஞ்சின் லட்சக்கணக்கான தொடர்ச்சிகளைத் தேடி, ஒவ்வொரு முனையிலும் நிலையை மதிப்பிட்டு, இரு பக்கமும் தனக்கு நல்லதையே ஆடும் என்று வைத்து அந்த எண்ணைத் தருகிறது. முன்பு அந்த மதிப்பீட்டின் விதிகளை மனிதர்கள் கையால் எழுதினார்கள். 2020-இல் ஸ்டாக்ஃபிஷ், ஏராளமான நிலைகளைக் கொண்டு மதிப்பிடக் கற்றுக்கொள்ளும் நரம்பணு வலைப்பின்னலைச் சேர்த்துக்கொண்டது. இதைச் சொல்லும்போது பிள்ளைகள் கண் விரியக் கேட்டார்கள். ஆனால் அவர்களுக்கு நேரடியாக உதவியது வேறொன்று. ஒரே நிலையை எஞ்சினில் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா பார்க்கச் சொன்னேன். முதல் விநாடியில் ஒரு நகர்வைச் சொன்னது, ஆழம் கூடக் கூட வேறொன்றுக்கு மாறியது, எண்ணும் ஏறி இறங்கியது. “அதுவும் யோசிக்குது ஐயா!” என்று பையன் கத்தினான். அவ்வளவு நாளும் அவன் முதல் விநாடி பதிலைத்தான் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறான்.

மூன்றாவது, முடிவாட்டம், அதாவது சில காய்களே மிஞ்சியிருக்கும் கடைசிக் கட்டம். போட்டியில் அவன் தவறவிட்ட அதே நிலையை முழு பலத்தில் உள்ள எஞ்சினுக்கு எதிராக ஆடச் சொன்னோம். வெல்ல வேண்டிய பக்கத்தில் ஐந்து முறை தொடர்ந்து வெல்ல வேண்டும். பிறகு சிப்பாயை இ4-இல் வைத்து, கறுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சமன் செய்ய வேண்டும். எஞ்சின் சலிக்காது, பிசகாது, பிள்ளையின் சிறு தவறையும் உடனே பிடிக்கும். எஞ்சினால் கிடைத்த பெரிய பயன் இதுதான் என்பது என் கணிப்பு. ஒரு குறையும் உண்டு. தோற்கும் நிலையில் எஞ்சின் தோல்வியைத் தள்ளிப்போடும் நகர்வைத் தேடும். எதிரில் இருப்பவனைக் குழப்பும் நகர்வைத் தேடாது. அந்த வேலையைக் கிராணியார் எடுத்துக்கொண்டார்.

நான்காவது, ஆட வேண்டிய எதிராளியை மாற்றினோம். மாயா என்ற எஞ்சின் இருக்கிறது. டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் சேர்ந்து 2020-இல் வெளியிட்டது. சிறந்த நகர்வைத் தேடுவதற்குப் பதிலாக, அந்தத் தரத்தில் உள்ள ஒரு மனிதர் என்ன ஆடுவார் என்று கணிக்க, லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு பழக்கப்பட்டது. லிசெஸில் அதோடு ஆடலாம், 1100 தரத்திலிருந்து (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் புள்ளி) கிடைக்கிறது. மண்டபத்தில் என் ஹேண்ட்போன் ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு மடிக்கணினியில் ஆடவிட்டோம். இணையம் இல்லாத நாளுக்கு, பலவித பலமுள்ள எஞ்சின்களைக் கொண்ட லூகாஸ் செஸ் என்ற இலவச மென்பொருளை மற்றொன்றில் போட்டோம். வாரத்துக்கு ஓர் ஆட்டமாவது மனிதரோடு, பலகையில் ஆட வேண்டும் என்பதையும் கட்டாயமாக்கினோம்.

ஐந்தாவது, அப்பாவோடு சேர்ந்து எடுத்த முடிவு: எஞ்சின் உள்ள ஹேண்ட்போன் இனி பாட்டியின் மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். நோட்டுப் புத்தகத்தில் எழுதியதைக் காட்டினால்தான் பாட்டி எடுத்துத் தருவார். பாட்டிக்குச் சதுரங்கம் தெரியாது. எழுதியிருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் போதும்.

அதன் பிறகு நடந்தவை

முதல் ஆறு வாரங்கள் சிரமமாகவே இருந்தன. “தெரியல”, “சும்மா வெச்சேன்” என்பதைத்தான் எழுதினான். தொடக்க ஆட்டங்களை மறந்து, முன்பு தன்னிடம் தோற்றவர்களிடம் தோற்றான். இன்னொரு சிறுவனின் அம்மா, “இருந்த வேகமும் போச்சே சார்” என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை.

ஏழாவது வாரம் அவன் எழுதியதை இங்கே தருகிறேன், எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி: “குதிரையைத் தாண்ட வைத்தேன். அவன் ராணி வரும் என்று பயந்தேன். ஆனால் ராணி வந்தால் என் கோட்டை அடிக்கும். நான் அதைப் பார்க்கவில்லை. பயந்ததை மட்டும் பார்த்தேன்.” எஞ்சினில் பார்த்தபோது அதுவும் குதிரை நகர்வைத் தவறு என்றது, ஆனால் இவன் சொன்ன காரணத்துக்காக அல்ல, வேறு பக்கத்தில் ஒரு சிப்பாய் விழுந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் கிராணியாரோடு அதைப் பற்றி வாதாடினான். முன்பு ஒரு நிமிடத்தில் நாற்பது நகர்வைத் தட்டிக்கொண்டு போனவன்.

ராஜா-சிப்பாய் முடிவாட்டத்தில் எஞ்சினை ஐந்து முறை தொடர்ந்து வெல்ல அவனுக்கு நான்கு வாரம் பிடித்தது. கிராணியாருக்கு எதிராக மேலும் மூன்று வாரம். பெரியவர் ராஜாவைச் சும்மா பின்னால் கொண்டுபோய், பையன் அவசரப்படும்வரை காத்திருப்பார்.

அடுத்த ஆண்டு மாவட்டப் போட்டியில் அவனுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. முந்தைய ஆண்டைவிட ஒரு புள்ளி கூடுதல், அவ்வளவுதான். ஒரு புள்ளிக் கூடுதலை வைத்து முறை வென்றது என்று சொல்ல மாட்டேன். ஒரு வயது கூடியதாலும் வந்திருக்கலாம், எதிராளிகளின் பலத்தைப் பொறுத்தும் இருக்கலாம். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: தோற்ற இரண்டு ஆட்டங்களிலும் எங்கே சறுக்கினான் என்று, மண்டபத்துக்கு வரும் வழியில் காரிலேயே சொன்னான். நோட்டில் எழுதியும் வைத்திருந்தான். எஞ்சினில் பார்த்தபோது ஓர் இடம் சரி, ஓர் இடம் தவறு.

இணையத்தில் ஆட இன்னும் கணக்குத் திறக்கவில்லை. தானாகவே வேண்டாம் என்கிறான்.

இன்று தொடங்கினால் மாற்றுபவை

புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் நான்கு மாதம் எஞ்சின் தரமாட்டேன். நோட்டில் காரணம் எழுதும் பழக்கம் வந்த பிறகே தருவேன், தரும் நாளில் பெற்றோரும் பக்கத்தில் இருக்க வேண்டும். எதிரில் மனிதர் இருக்கும்வரை எஞ்சினைத் தொடக் கூடாது என்ற விதியை அன்றே, எல்லோர் முன்னிலையிலும் சொல்வேன். போட்டி மண்டபத்துக்குள் ஹேண்ட்போன் வைத்திருந்தாலே ஆட்டம் பறிபோகலாம் என்பதும் பிள்ளைக்கு அப்போதே தெரிய வேண்டும்.

இரண்டு சிப்பாய் அளவு என்ற வரம்பை எல்லோருக்கும் ஒன்றாக வைத்ததும் சரியில்லை. புதிய பிள்ளைக்கு ஒரு முழுக் காய் போன இடம் மட்டும் போதும். அரைச் சிப்பாய் வித்தியாசம் இந்த வயதில் எந்த ஆட்டத்தையும் தீர்மானிப்பதில்லை, மனத்தை மட்டும் நோகடிக்கிறது.

சிவப்புக் கேள்விக்குறிகளைப் பிள்ளையின் எதிரில் ஓட்டிக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். முதலில் நான் தனியாகப் பார்ப்பேன். அவள் சரியாக ஆடிய இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டு உட்காருவேன். ‘அவள்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நின்றுபோன அந்தச் சிறுமிக்கு நான் செய்திருக்க வேண்டியது இது. மூன்று வாரம் வராதபோதே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை.

போன வாரம் மினி மார்க்கெட்டில் அவள் அம்மாவைப் பார்த்தேன். புது நோட்டுப் புத்தகம் ஒன்று கொடுத்தனுப்பினேன். சனிக்கிழமை வந்தால் கிராணி தாத்தாவோடு ஓர் ஆட்டம், மேசைமேல் ஹேண்ட்போன் எதுவும் இருக்காது என்று சொல்லியிருக்கிறேன்.